செங்கோடன் வைத்த கௌதாரி வேட்டை

ஜமீன்தார்கள் துப்பாக்கியும் கையுமாகத் திரிந்த காலம். செங்கோடன் அப்பன் காலத்திலிருந்து ஜமீன் நிலத்தைக் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தான். ஒருநாள் ஜமீன்தார் குதிரையை வரப்போரம் நிறுத்திச் சொன்னார்.

"தை மாசம் விருந்தாளிங்க வர்றாங்க. இந்த நிலத்துல கௌதாரி வேட்டை ஒண்ணு ஏற்பாடு பண்ணு. நல்லபடியா அமைஞ்சா நிலத்தை உன் பேருக்கே எழுதித் தர்றேன். அமையலேன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த நிலத்தில் கௌதாரி கூவி எத்தனையோ வருஷமாயிற்று.

வேறொருவனாக இருந்தால் மூட்டை கட்டியிருப்பான். பிடிவாதம் வேண்டுமென்றால் ஊரே செங்கோடனிடம் இரவல் வாங்கலாம். மலைச்சரிவில் முட்டை பொறுக்கி வந்து அடைக்கோழிக்கு வைத்துப் பொரிக்கவிட்டான். புற்றை வெட்டிக் கரையான் கொண்டுவந்து குஞ்சுகளுக்கு உள்ளங்கையில் வைத்து ஊட்டினான். கம்பும் சாமையும் விதைத்து, அறுக்காமல் அப்படியே நிற்கவிட்டான். நடுவில் மூங்கிலால் ஒரு பட்டி கட்டிப் பறவைகளை அதில் வளர்த்தான்.

இறக்கை முளைத்ததும் பட்டியைத் திறந்தான். பாதிப் பறவைகள் பக்கத்து நிலத்துக்குப் போய்விட்டன. பதறிப்போய் மீதியை உள்ளே அடைத்தான். அப்புறம் கத்தரியை எடுத்து இறக்கைகளை வெட்டிவிட்டான்.

எல்லாம் செய்து முடித்துவிட்டுத்தான் சாமியிடம் போனான். சாமி மலையடிவாரத்துச் சுனையோரம் தங்கியிருந்த சாமியார். செங்கோடனைவிட வயதில் இளையவர். பறவை பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவர். அவரைப் போய் குரு என்கிறானே என்று ஊர் சிரித்தது. செங்கோடன் அதைக் கண்டுகொண்டதில்லை.

"சாமி, பறவை நிலத்தை விட்டுப் போகாம இருக்க வழி கண்டுட்டனுங்க. வந்து பாருங்க."

சாமி வந்தார். பட்டியைத் திறந்து கையைத் தட்டினார். கௌதாரிகள் குடுகுடுவென்று ஓடி வந்து செங்கோடன் காலைச் சுற்றி நின்றன.

"விருந்தாளிங்களுக்குத் துப்பாக்கி எதுக்குங்கண்ணா? ஆளுக்கொரு தடி கொடுத்துருங்க," என்றார் சாமி.

செங்கோடனுக்கு முகம் சுண்டிப்போனது. பறக்காத பறவையை எந்த வேட்டைக்காரன் சுடுவான்? இத்தனை பாடுபட்டவனுக்கு இது மட்டும் தோன்றவில்லை.

"தைக்குள்ள மறுபடி வளருமுங்களா?"

"வெட்டின இறகு இப்போதைக்கு வளராது. அடிக்கட்டையைப் பிடுங்கினா புதுசு முளைக்கும். அதுக்கு வலிக்கும்."

"பிடுங்கறனுங்க."

ஒவ்வொன்றாக மடியில் வைத்துப் பிடுங்கினான். பறவைகள் கத்தின. அவன் அழுதான், ஆனாலும் ஒன்றையும் விடவில்லை. புது இறகு வந்ததும் மறுபடி சாமியைத் தேடிப் போனான்.

"இப்ப நல்லாப் பறக்குதுங்க. திறந்தா போயிருமே. எப்படி நிறுத்தறதுங்க?"

சாமி அவனோடு நடந்து வந்தார். பட்டியின் படலைக் கழற்றினார். காலால் மிதித்து ஒடித்து, கல் கூட்டி அடுப்பு மூட்டி, கஞ்சி காய்ச்ச ஆரம்பித்தார்.

"என்ன சாமி பண்றீங்க?"

"பசிக்குது."

பறவைகள் வெளியேறத் தொடங்கின. செங்கோடன் துள்ளி எழுந்தான். சாமி கஞ்சிக் கலயத்தை அவன் கையில் கொடுத்து உட்கார வைத்தார்.

"போகுதுங்க சாமி."

"போகட்டும். எதைத் தேடிப் போகுதுன்னு பாருங்க."

பார்த்தான். சில முள்ளுக்குள் ஒளிய இடம் தேடிப் போயின. சில ஓடைத் தண்ணீருக்குப் போயின. சில பக்கத்து நிலத்துப் புற்றைச் சுற்றி மேய்ந்தன.

கஞ்சியைக் குடித்த கையோடு வேலையில் இறங்கினான். வரப்போரம் முள் வெட்டிக் குவித்தான். மண்ணில் கலயம் புதைத்துத் தண்ணீர் ஊற்றினான். தன் நிலத்துப் புற்றை வெட்டுவதை நிறுத்தினான். கையில் ஊட்டுவதையும் நிறுத்தினான். கொஞ்ச நாளில் ஆள் அரவம் கேட்டாலே பறவைகள் விருட்டென்று எழும்பின. ஆனால் சாயங்காலம் அவன் கம்பங்காட்டுக்குள்ளிருந்துதான் கூவின. கேட்கக் கேட்க அவனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

தை பிறந்தது. விருந்தாளிகள் துப்பாக்கியோடு வரிசையாக நின்றார்கள். பறவைகளை விரட்ட ஆட்கள் தகரத்தோடு காத்திருந்தார்கள். ஜமீன்தார் தன் துப்பாக்கியைச் செங்கோடனிடம் நீட்டினார்.

"வேட்டை வச்சவன்தான் முதல் குண்டு போடணும். எங்க வழக்கம் அது. சுட்டுட்டு நிலத்தை எடுத்துக்க."

செங்கோடன் ஓரமாக நின்ற சாமியிடம் ஓடினான்.

"என்னால ஆகாதுங்க சாமி. கையில ஊட்டி வளர்த்ததுங்க."

"சரி."

"அவங்க சுட்டுக்கட்டுமே. நான் எதுக்குங்க?"

சாமி கம்பங்காட்டுப் பக்கம் பார்த்தார்.

"மாட்டேன்னா நிலம் போயிருமுங்க."

"போயிரும்."

செங்கோடன் நிலத்தை ஒரு சுற்றுப் பார்த்தான். திரும்பிப் போய்த் துப்பாக்கியை வாங்கினான். தகரம் அதிர்ந்தது. கம்பங்காட்டிலிருந்து முதல் கௌதாரி படபடவென்று எழும்பியது. காட்டுப்பன்றிக்கு நாட்டுத் துப்பாக்கியோடு காவல் இருந்து பழகிய கை அவனுடையது. குறி தப்பியதாக நடித்திருக்கலாம். அது அவன் குணத்தில் இல்லை. சுட்டான். விழுந்தது.

அதன்பின் விருந்தாளிகள் சுட்டதில் பாதிக்குமேல் வீணானது. பறவைகள் அவ்வளவு வேகம். இப்படி ஒரு வேட்டை பார்த்ததில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். ஜமீன்தார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

சாயங்காலம் செங்கோடன் சுனைக்கு வந்தான்.

"நிலம் எனக்காயிருச்சுங்க சாமி."

"சந்தோஷமுங்க."

துண்டை அவிழ்த்தான். உள்ளே அவன் சுட்ட கௌதாரி இருந்தது.

"இதை என்ன பண்றதுங்க?"

"சமைச்சுச் சாப்பிடுங்க."

"எனக்குத் தொண்டையில இறங்காதுங்க. உங்க வீட்டுல தின்னு பழக்கம்தானே? நீங்க எடுத்துக்குங்க."

சாமி துண்டை மறுபடி முடிந்து அவன் கையிலேயே வைத்தார்.

"எனக்கு நிலம் எதுவும் கிடைக்கலீங்களே அண்ணா."