முப்பத்தோராம் நாள் பாடம்

கேட்பவர்களே, இந்தக் கதையில் கொலைகாரன் ஒருவன் வருகிறான். ஆனால் முடிவில் நான் கேட்கப்போவது அவனைப் பற்றி அல்ல. மற்ற மூவரைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மலைக்கணவாயை ஒட்டிய ஒரு பாளையத்தில் இருளப்பன் என்பவர் ஆயுத அதிகாரியாக இருந்தார். வழிப்பறி மிகுந்த நாடு அது. கைத்துப்பாக்கியை மடியில் மறைத்துக்கொண்டு நடமாட வேண்டுமானால் அவருடைய முத்திரை ஓலை வேண்டும். முன்பெல்லாம் கேட்டவர்க்கெல்லாம் ஓலை கிடைத்தது. ஒரு தேர்த்திருவிழாவில் துணி வியாபாரி ஒருவர் வடம் பிடிக்கக் குனிந்தபோது, அவர் இடுப்பிலிருந்த துப்பாக்கி வெடித்து முன்னால் நின்ற மேளக்காரர் செத்துப்போனார். அந்த உடலைத் தூக்கியவர்களில் இருளப்பனும் ஒருவர். மறுவாரமே பாளையக்காரரிடம் பேசிச் சட்டம் கொண்டுவந்தார்: கோட்டையில் நாற்பது நாள் பயிற்சி முடித்தவருக்கே முத்திரை. எந்த நாளில் எந்தப் பாடம் என்று தனியாக யோசிக்க அவசரத்தில் நேரமில்லை. படைவீரர்களுக்கு இருந்த பாடவரிசையையே எடுத்து வைத்துக்கொண்டார். அதன்பின் மூன்று ஆண்டுகள் அப்படியொரு சாவு நிகழவில்லை.

நான்காம் ஆண்டு, வெற்றிலை விற்கும் வடிவுடையாள் அவரிடம் வந்தாள். அவள் கணவனைக் கொன்ற சங்கிலி என்பவன் அவள் சொன்ன சாட்சியால் சிறைக்குப் போனவன். இப்போது தப்பிவிட்டான். அமாவாசைக்குள் உன்னையும் முடிப்பேன் என்று ஆள் மூலம் சொல்லியனுப்பியிருந்தான்.

"நாற்பது நாள் பழகிட்டு வாங்கம்மா, முத்திரை தர்றேன்" என்றார் இருளப்பன்.

"அமாவாசைக்கு ஒன்பது நாள்தான் இருக்கு, ஐயா. உங்க சட்டத்துக்காக அவன் காத்திருப்பானா?"

வீட்டு வாசலில் இரண்டு காவலரை நிறுத்துவதாகச் சொன்னார்.

"சந்தை கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கு. வீட்டுக்குள்ளயே கிடந்தா என் பிள்ளைங்க எதைத் தின்னும்?"

கணவாய்வரை அனுப்ப அவரிடம் ஆள் இல்லை. அருகில் நின்ற பயிற்சியாளர் ராயப்பன் குறுக்கிட்டார். "ஐயா, எட்டு நாள் குடுங்க. இவங்களுக்கு எது அவசியமோ அதை முதல்ல சொல்லித் தந்திடறேன்."

இருளப்பனுக்கு மேளக்காரரின் திறந்த வாய் நினைவுக்கு வந்தது. "இவங்களுக்குக் குறைச்சா நாளைக்கு எல்லாருக்கும் குறைக்கணும். நாளும் குறையக் கூடாது, வரிசையும் மாறக் கூடாது" என்றார். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் சொன்னதை மாற்றவில்லை.

வடிவுடையாள் மறுநாளே பயிற்சியில் சேர்ந்தாள். துப்பாக்கியைத் துடைப்பது, வெடிமருந்து கெட்டிப்பது, மடியிலிருந்து சட்டென்று எடுப்பது, வைக்கோல் பொம்மையைக் குறிபார்ப்பது என்று ஆறு நாள் போயிற்று. குறிக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்த பிறகே விசையைத் தொட வேண்டும் என்ற பாடம் முப்பத்தோராம் நாளுக்கு உரியது. போர்க்களத்தில் பகைவனுக்குப் பின்னால் நிற்பவனும் பகைவன்தானே? படைவீரர்களுக்கு அது அவசரமான பாடம் அல்ல.

ஏழாம் நாள் சந்தை. அதற்கு முந்தின மாலை ராயப்பன் தம்முடைய சொந்தத் துப்பாக்கியை அவள் கூடைக்குள் வைத்தார். "முத்திரை இல்லாம குடுக்கிறேன். உயிரோட திரும்பி வாங்க" என்றார்.

நண்பகலில் கணவாய்ச் சுங்கச்சாவடியில், வரிசையிலிருந்து விலகி அரிவாளோடு சங்கிலி அவள் எதிரே வந்தான். வடிவுடையாள் சுட்டாள். குண்டு அவன் தோளை உரசிக்கொண்டு போய், பின்னால் நின்ற கூடைமுடையும் செவந்தியின் மார்பில் பாய்ந்தது. வெடிச்சத்தத்தில் திகைத்த சங்கிலியைச் சாவடிக் காவலர்கள் மடக்கிப் பிடித்தார்கள். பொழுது சாய்வதற்குள் செவந்தி இறந்துபோனாள்.

பாளையக்காரர் சபையைக் கூட்டினார்.

"சுட்டது நான். அந்தப் பொண்ணு அங்க நின்னது என் கண்ணுக்கே தெரியல" என்று சொல்லி வடிவுடையாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"குடுத்தது நான். குடுக்கலேன்னா இன்னைக்கு இந்த அம்மாவோட பிணத்தைத்தான் பார்த்திருப்போம்" என்றார் ராயப்பன்.

சபையோர் இருளப்பன் பக்கம் திரும்பினார்கள். பயிற்சி வேண்டுமென்று அவர் பிடிவாதம் பிடித்தது எவ்வளவு சரி என்று புகழ்ந்தார்கள். ஒவ்வொரு புகழ்ச்சொல்லும் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. அப்போது செவந்தியின் கணவன் கூத்தன் எழுந்தான்.

"ஐயா, என் பொண்டாட்டி சாகாம இருக்க, இந்த அம்மா எந்தப் பாடம் படிச்சிருக்கணும்?"

"முப்பத்தோராம் நாள் பாடம்" என்றார் இருளப்பன்.

"அதைச் சொல்லிக் குடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

தீர்ப்பை இருளப்பனே எழுதட்டும் என்று பாளையக்காரர் ஏட்டையும் எழுத்தாணியையும் அவரிடம் கொடுத்துவிட்டு எழுந்துபோனார்.

கேட்பவர்களே, இப்போது சொல்லுங்கள். பழகாமல் ஆயுதம் கூடாது என்று மறுத்தவர், உயிர் பெரிதென்று கொடுத்தவர், உயிருக்குப் பயந்து சுட்டவள்: இந்த மூவரில் யார் செய்தது சரி? செவந்தியின் சாவுக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியவர் யார்?

விடை இது. வடிவுடையாள் தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். தெரியாததை அவளிடம் கேட்க முடியாது. முதலில் பதில் சொல்ல வேண்டியவர் ராயப்பன். அவளுக்கு என்ன தெரியாது என்று அறிந்தே கொடுத்தவர் அவர் ஒருவர்தான். முத்திரை இல்லாமல் ஆயுதம் கொடுக்கத் துணிந்தவர், பாடவரிசையை மீறி 'பின்னால் யார் என்று பார்' என்ற ஒரு வாக்கியம் சொல்லத் துணியவில்லை. இருளப்பன் பயிற்சி கேட்டது சரி. சந்தைக்குப் போகிறவளுக்குப் போர்க்களப் பாடத்தை வைத்தது தவறு. என் கணக்கில் அவர் இரண்டாமவர். ஆனால் இருளப்பன் அப்படி நினைக்கவில்லை. எழுத்தாணியை எடுத்து, குற்றவாளிகளின் வரிசையில் முதலாவதாகத் தம் பெயரை எழுதினார்.