ஒன்றாம் எண் வீடு

"இதுல இன்னும் என்ன கொறை இருக்கு, டீச்சர்?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

கேட்டவருக்கு வயது ஐம்பத்து நான்கு. கேட்கப்பட்ட ஜெசிந்தாவுக்கு முப்பத்தொன்று. உப்பளத் தொழிலாளர் சங்கத்துக்குக் கணினியில் விண்ணப்பங்கள் வடிவமைக்கும் வேலையை அவர் இவளிடம்தான் படித்தார். வயதைப் பார்த்து இவள் அவரை அண்ணாச்சி என்பாள். வேலையைப் பார்த்து அவர் இவளை டீச்சர் என்பார். இருவருக்கும் அதில் சங்கடம் இருந்ததில்லை.

ஜெசிந்தா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆவுடையப்பனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஏழு விண்ணப்பங்கள் செய்திருந்தார். கறுப்புக் கண்ணாடிக்கு ஒன்று, காலணிக்கு ஒன்று, மழைக்கால அரிசிக்கு ஒன்று, இப்படி ஏழு. ஒவ்வொன்றிலும் நாலைந்து படிகள். ஆனால் முகவரி கேட்கும் படிவம் மட்டும் ஒன்றே ஒன்று. அதை ஒருமுறை செய்து ஏழிலும் இணைத்துவிட்டார். ஒன்றில் முகவரி கொடுத்தவர் மற்ற ஆறில் கொடுக்க வேண்டியதில்லை. அதை நினைத்தாலே அவர் கை தானாக மீசைக்குப் போகும்.

"ஓரிடத்துல மாத்தினா ஏழிடத்துலயும் மாறிடும்," என்றார். அன்று காலையிலிருந்து அது மூன்றாவது முறை.

"காலியா விட்ட கட்டம் எத்தனை, அண்ணாச்சி?"

"ஒண்ணு கெடையாது. இருநூத்திப் பன்னெண்டு பேரு எழுதியிருக்காங்க. எல்லாக் கட்டத்துக்கும் செவப்பு நட்சத்திரம் போட்டிருக்கேன்லா. நிரப்பாம ஒருத்தரும் அடுத்த படிக்குப் போக முடியாது."

கடற்கரையோரத்துச் சங்கங்கள் எல்லாவற்றுக்கும் இந்த ஏழு விண்ணப்பங்களும் போக வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கு ஜெசிந்தா சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தைக்காக மனிதர் மூன்று நாளாக நடையாய் நடந்துகொண்டிருந்தார்.

ஜெசிந்தா எழுந்தாள். மூலையிலிருந்த பெரிய அட்டைப்பெட்டியைத் தூக்கி அவர் கையில் வைத்தாள்.

உள்ளே கறுப்புக் கண்ணாடிகள். வெயிலில் உப்பின் வெளிச்சம் கண்ணைப் பறிக்கும் என்று சங்கம் வாங்கியவை. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும், அவருடைய படிவத்திலிருந்து அச்சான பெயரும் முகவரியும் ஒட்டியிருந்தன.

"குடுத்துட்டு வாங்க. அப்புறம் பேசுவோம்."

ஆவுடையப்பனுக்குச் சுருக்கென்றது. பொட்டலம் கொடுக்க அலுவலகத்தில் வேறு ஆளா இல்லை? ஆனாலும் படிக்க வந்த இடத்தில் முகத்தைத் தூக்கக் கூடாது என்று பெட்டியை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

உப்பளத்தில் இறங்கி முதல் பொட்டலத்தை எடுத்தார். பேச்சித்தாய், கதவு எண் 1.

இரண்டாவதை எடுத்தார். அதுவும் கதவு எண் 1.

மூன்றாவதும் அப்படியே. பதறிப்போய்ப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பமும் ஒரே வீட்டில் குடியிருந்தது.

பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்ணிடம் ஒன்றாம் எண் வீடு எங்கே என்று கேட்டார். பேச்சித்தாய் என்பவரைத் தேடுவதாகவும் சொன்னார்.

"நான்தான் பேச்சித்தாய். நம்பரெல்லாம் கெடையாது சார். ஓலைப் படலுக்கு யாரு நம்பர் போடுவா?"

"ஒண்ணுன்னு எழுதியிருக்கே?"

நம்பர் இல்லை என்றுதான் தானும் சொன்னதாகச் சொன்னாள். ஏதாவது போட்டால்தான் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்கு விடும் என்று, விண்ணப்பம் எழுதிக்கொடுக்க வந்த பிள்ளைதான் ஒன்று என்று தட்டிவிட்டதாம். எல்லோருக்கும் அப்படியே தட்டியதாம்.

"யாரு உடமாட்டேங்கான்னு கேட்டேன். யாரோ ஒரு சாராம்," என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்தாள். "அந்த சாருக்கு வீட்டு நம்பர் உண்டா?"

ஆவுடையப்பன் வீட்டு வாசலில் 14/3 என்று பித்தளை எண் மின்னும். வாராவாரம் அவரே துடைப்பார். இப்போது அதை நினைக்க வெட்கமாக இருந்தது.

உங்களை எப்படித்தான் கண்டுபிடிப்பது என்று மெதுவாகக் கேட்டார்.

பேச்சித்தாய் உப்பு வாரும் கம்பை ஊன்றி நிமிர்ந்தாள்.

"கெழக்க மோட்டார் ரூம் இருக்கு. அதுக்கு அடுத்து மூணாவது குடிசை. மழை பெஞ்சா பள்ளிக்கூடத்துல கெடப்போம். எங்க இருந்தா என்ன, பேச்சித்தாய்னு கேளுங்க. இந்த அளத்துல வழி காட்டாத ஆள் கெடையாது."

சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு மிடுக்கு இருந்தது. ஏழு விண்ணப்பம் செய்து முடித்து ஆவுடையப்பன் அடைந்த மிடுக்கைவிட அது ஒரு பிடி கூடுதல்தான்.

அவர் பெயர்களை வாசிக்க வாசிக்க, அவள் இடத்தைச் சொல்லிக்கொண்டே வந்தாள். வேப்பமரத்தடி, பம்பு செட்டுக்குப் பின்னால், மரியதாஸ் குடிசைக்கு எதிரே. ஒரு பெயருக்குக்கூட அவள் தடுமாறவில்லை. பொழுது சாய்வதற்குள் பெட்டி காலியாகிவிட்டது.

அலுவலகத்துக்குத் திரும்பியபோது அவர் சட்டையெல்லாம் வியர்வை.

"ஒண்ணாம் நம்பர் வீடு கெடைச்சுதா, அண்ணாச்சி?"

"கெடைச்சுது டீச்சர். கட்டினவன் நான்தான்."

ஜெசிந்தா கணினியை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"இடிக்க எத்தனை நாளாகும்?"

ஆவுடையப்பன் உட்கார்ந்து முகவரிப் படிவத்தைத் திறந்தார். கதவு எண்ணுக்குப் பக்கத்திலிருந்த சிவப்பு நட்சத்திரத்தை அழித்தார். அதற்குக் கீழே புதிதாக ஒரு கேள்வியைத் தட்டினார்: உங்கள் பகுதிக்கு வந்து யார் பெயரைச் சொல்லிக் கேட்டால் வழி காட்டுவார்கள்?

கை தானாக மீசைக்குப் போனது.

"ஓரிடத்துல மாத்தினா ஏழிடத்துலயும் மாறிடும்," என்றார்.