மண்மேட்டைச் சுற்றி வந்த ஓடை

மலைக்காட்டின் நடுவே ஒரு பெரிய குளம் இருந்தது. சுழலி என்ற நீர்நாய் அங்கே தன் மூன்று குட்டிகளோடு வாழ்ந்துவந்தது.

குளத்துக்கு மேலே, மலைச்சரிவில், மனிதர்கள் முன்பு சுரங்கம் வெட்டி ஈயமும் செம்பும் எடுத்தார்கள். எடுத்தது போதுமென்று ஒருநாள் கிளம்பிப் போய்விட்டார்கள். கழிவு மண்ணை மட்டும், குளத்துக்கு நீர் கொண்டுவரும் ஓடையின் ஓரத்தில், குன்றுபோல் குவித்துவிட்டுப் போனார்கள். அந்த மேட்டில் ஒரு புல்கூட முளைக்கவில்லை.

அந்த ஆண்டு மழை வெளுத்து வாங்கியது. மழை ஓய்ந்தபோது குளத்து நீர் செம்பொன் நிறத்தில் பளபளத்தது. மறுநாளே மீன்கள் செத்து மிதந்தன. சுழலியின் கடைக்குட்டி பால் குடிக்காமல் சுருண்டு படுத்துவிட்டது.

விலங்குகள் பதறிப்போய்க் கரையில் கூடின. மினுக்கன் என்ற நரி பாறைமேல் ஏறி நின்றது.

"எதற்கு இந்த அழுகை? இது தங்கத் தண்ணீர்! குடித்தால் உடம்பு பொன்போல மின்னும்!"

"அப்படியானால் மீன்கள் ஏன் செத்தன?" என்றது சுழலி.

"பேராசை! ஒரேயடியாகக் குடித்துத் தொலைத்தன. நாம் அளவோடு குடிப்போம்!"

மான்கள் குடித்தன. பன்றிகள் கசக்கிறதென்று ஒரு வாயோடு நிறுத்திக்கொண்டன. சுழலி மட்டும் குட்டிகளைக் கவ்விக்கொண்டு போய், பாறைக்குழியில் தேங்கிய மழைநீரில் வைத்துக் காத்தது.

சில நாட்களில் மான்களுக்குக் கால்கள் தள்ளாடின. தள்ளாடியவை ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. நரியோ நாளுக்கு நாள் கொழுத்தது!

பாறைக்குழி நீரும் வற்றத் தொடங்கியது. 'இந்தச் சிவப்பு எங்கிருந்துதான் வருகிறது?' என்று சுழலி ஓடையோரமாகவே மலையேறியது. மண்மேடு வரைக்கும் நீர் சிவப்பாகவே இருந்தது. மேட்டின் ஒரு பக்கம் சரிந்து ஓடைக்குள் கிடந்தது. அதைத் தாண்டி மேலே போனால், நீர் கண்ணாடிபோல் தெளிவாக ஓடியது! தவளைக்குஞ்சுகள் துள்ளின. கரைச் சேற்றில் எங்கு பார்த்தாலும் நரியின் கால் தடம்.

சுழலிக்கு எல்லாம் விளங்கிவிட்டது: நரி தான் மட்டும் நல்ல நீரைக் குடித்துவிட்டு, தள்ளாடும் மான்களைத் தின்று கொழுத்திருக்கிறது. கோபத்தில் அதன் மீசை துடித்தது.

மறுநாள் காலை எல்லோர் முன்னாலும் அது கேட்டது: "மினுக்கா, நீ ஒரு வாய் குடி, பார்ப்போம்!"

"எனக்கு இன்று விரதம்!"

"நேற்று?"

"நேற்றும் விரதம்தான்!"

"மேட்டுக்கு மேலே, நல்ல தண்ணீர்ப் பக்கம் உன் கால் தடம் கிடக்கிறதே, அதுவும் விரதம் இருந்ததா?"

நரி வாலைச் சுருட்டிக்கொண்டு நழுவப் பார்த்தது. கோரையன் என்ற காட்டுப்பன்றி உறுமிக்கொண்டு பாய்ந்தது. ஓடிய நரி மலையைத் தாண்டித்தான் மூச்சு வாங்கியது!

"வேறு காட்டுக்குப் போய்விடலாம்," என்றன மான்கள். ஆனால் அவற்றால் பத்தடிகூட நடக்க முடியவில்லை.

"அந்த மேட்டை ஒரே உதையில் தள்ளிவிடுகிறேன்!" என்றது யானை.

"வேண்டாம் அண்ணா!" என்றது சுழலி. "உதைத்தால் விஷம் காடெல்லாம் பரவும். மேடு அங்கேயே கிடக்கட்டும். ஓடை அதைத் தொடாமல் சுற்றிப் போகட்டும்!"

"தோண்டுவதுதானே? அது எங்களுக்குக் கைவந்த வேலை!" என்றது கோரையன்.

சுழலி வழி காட்டியது. பன்றிகள் மூக்கால் மண்ணைக் கிளறின. முள்ளம்பன்றிகள் வேர்களைக் கடித்து அறுத்தன. யானை பாறைகளைப் புரட்டியது; நடக்க முடியாத மான்களுக்கு மேட்டுக்கு மேலிருந்து தும்பிக்கையில் நல்ல நீரும் கொண்டுவந்தது. பழைய குளத்தின் சேற்றில் விஷம் படிந்திருந்ததால், சற்றுத் தொலைவில் இருந்த வேறொரு பள்ளத்துக்குப் புதுக் கால்வாயைக் கொண்டுபோயின.

ஒன்பதாம் நாள் வானம் கறுத்தது. பழைய ஓடையை இன்னும் அடைக்கவில்லை! பெருமழை கொட்டியது. யானை தன் உடம்பையே அணையாக வைத்து ஓடைக்குக் குறுக்கே படுத்தது. சுழலி வெள்ளத்தில் மூழ்கி மூழ்கி, இடுக்குகளில் நாணலையும் களிமண்ணையும் திணித்தது. இரண்டு முறை வெள்ளம் அதை உருட்டித் தள்ளியது. இரண்டு முறையும் நீந்தித் திரும்பியது.

"திரும்புகிறது! தண்ணீர் திரும்புகிறது!" என்று கோரையன் கத்தியது.

ஓடை ஒரு கணம் தயங்கி நின்றது. பிறகு கலகலவென்று புதுக் கால்வாயில் பாய்ந்தது. பள்ளம் நிரம்பியது. மழை விட்டதும் எல்லாம் சேர்ந்து பாறையும் களிமண்ணும் போட்டுப் பழைய ஓடையை அடைத்தன; அதன் பிறகே யானை எழுந்தது. அடுத்த மழைக்காலத்தில் அங்கே மீன்கள் துள்ளின. மான்கள் கால் உதறி ஓடின. சுழலியின் கடைக்குட்டி தான் பிடித்த முதல் மீனை எல்லோருக்கும் காட்டிக் காட்டித் தின்றது. யானை தும்பிக்கையை உயர்த்திப் பிளிறியபோது காடே சேர்ந்து ஆரவாரித்தது!

பசப்பு வார்த்தையில் மயங்காமல், கேடு எங்கே தொடங்குகிறது என்று தேடிப் போய், ஒன்றுசேர்ந்து அதைத் தடுப்பவர்களே பிழைப்பார்கள்.