பட்டாளத்து அடுப்பும் தலைவர் ஜீப்பும்

வெள்ளத்தில் வீடிழந்த சனமெல்லாம் பள்ளிக்கூடத்தில் பசியோடு உட்கார்ந்திருந்தது. அவர்களுக்குச் சோறாக்க நிவாரணக் கமிட்டித் தலைவர் கோமதிநாயகம், பட்டாளத்தார் ஏலம் விட்ட டீசல் அடுப்பொன்றை வாங்கி வந்திருந்தார். ஒரு பீப்பாய் டீசலும் தன் உபயம்தான் என்று தம்பட்டம் அடித்தார்.

சமையல்காரி பாக்கியத்தாய்க்குத்தான் தலை சுற்றியது. பற்றவைத்தால் அடுப்பு பிடிக்கும், படபடவென்று வெடிக்கும், உடனே அணைந்துவிடும். பர்னர் துளையைக் குத்திப் பார்த்தாள். வடிகட்டியைக் கழுவினாள். காற்று கூடிப்போச்சு என்றார் ஒருத்தர், குறைச்சல் என்றார் இன்னொருத்தர். நேற்று ஏலத்தில் எரித்துக் காட்டியபோது நன்றாக எரிந்த அடுப்புக்கு இன்று என்ன கேடு வந்தது?

தலைவர் எகிறினார். "பட்டாளத்துக்கே சோறு போட்ட அடுப்பை நீ கெடுத்துப்புட்டே! இப்பவே எரியணும், இல்லைன்னா உனக்கு இங்கே வேலை கிடையாது."

"கோளாறு அடுப்புலயா டீசல்லயான்னு எனக்கே பிடிபடல முதலாளி. இதே டீசல்ல ஒரு கேன் உங்க ஜீப்புல ஊத்துதேன். வண்டி ஓடுச்சுன்னா கோளாறு என்கிட்டதான். நானே போயிருதேன்."

சொன்ன கையோடு கேனைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். தலைவர் ஓடிவந்து குறுக்கே விழுந்தார்.

"ஏய், ஊத்தாதே! தண்ணி கலந்த டீசல், எஞ்சின் போயிரும்!"

பள்ளிக்கூடமே திரும்பிப் பார்த்தது.

"தண்ணியா?" என்றாள் பாக்கியத்தாய், இன்னும் குழப்பம் தெளியாதவளாக.

அங்கிருந்தவர்கள் அடுப்புத் தொட்டியைக் காலிசெய்துவிட்டு, ஜீப்பிலிருந்த நல்ல டீசலைக் குழாய் வைத்து உறிஞ்சி ஊற்றினார்கள். அடுப்பு நீலமாக எரிந்தது. சனம் வயிறாரச் சாப்பிட்டது. தலைவர் அன்று நடந்தேதான் வீடு போய்ச் சேர்ந்தார்.