கேட்காமல் விட்ட கேள்வி

'ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வேறு யாரிடமாவது மருந்து வாங்கிக் குடித்தாயா என்று ஒரே ஒரு வார்த்தை.'

அங்கயற்கண்ணிக்கு ஒரு மாதமாக இதே நினைப்பு. ஆண்டும் ஊரும் யாருக்கும் நினைவில்லாத ஒரு காலத்தில், ஓர் அரசருக்கு மருத்துவச்சியாக இருந்தவள் அவள். வேடிக்கையாகப் பேசுவாள். அரசரும் சிரித்துக்கொண்டே கஷாயத்தை விழுங்கிவிடுவார். தலைமை வைத்தியர் சபாபதிக்கு அந்தச் சிரிப்பே வயிற்றெரிச்சல்.

யானைப்பாகன் மருதனின் மனைவி பூவாயி வயிற்றுவலி என்று வந்தாள். அன்று கூட்டம் அதிகம். அங்கயற்கண்ணி அவசரமாக நாடி பார்த்துப் பேதி மருந்து கொடுத்தாள். முந்தின நாளே வேறொருவர் கொடுத்த பேதி மருந்தைப் பூவாயி குடித்திருந்தாள். இரண்டும் சேர்ந்து பேதி நிற்காமல், பொழுது சாய்வதற்குள் இறந்துபோனாள். வாசலில் நின்ற மருதனின் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல் அங்கயற்கண்ணி கொல்லைப்புறமாகப் போய்விட்டாள்.

மருதன் சபைக்கு வந்தான்.

"அவ செத்ததுக்காக வரலீங்க சாமி. எப்படிச் செத்தான்னு யாருமே எங்கிட்டச் சொல்லலீங்க. அதுக்குத்தான் வந்தேன்."

அரசருக்கோ சாப்பாட்டு நேரத்தில் வழக்குக் கேட்பதென்றால் எரிச்சல். "இனி மருத்துவர் மேல் புகாரே வரக்கூடாது. அதற்கு வழி என்ன?" என்றார்.

"எளிய வழி இருக்கிறது, அரசே. நோயாளிக்கு வலியோ கேடோ செய்த கையை வெட்டிவிடலாம். மருதன் வழக்கிலிருந்தே தொடங்கலாம்" என்றார் சபாபதி.

அரசர் உடனே முரசறையச் சொன்னார். வெள்ளிக்கிழமை விசாரணை என்று முடிவாயிற்று.

வியாழக்கிழமை காலை தோட்டத்தில் நடந்த அரசரின் குதிகாலில் முள் ஏறி உள்ளே ஒடிந்துவிட்டது. சபாபதி ஓடிவந்தார். ஊசியைப் பார்த்தார். கைகளை மேலாடைக்குள் இழுத்துக்கொண்டார்.

"தானாகவே வெளியே வந்துவிடும், அரசே. ஒரு மாதம் பொறுத்தால் போதும்."

"ஒரு மாதம் நொண்டச் சொல்கிறீரா?"

அங்கயற்கண்ணியை அழைத்தார்கள். அவள் இரண்டு கைகளையும் துணியால் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்தாள்.

"இது என்ன கோலம்?"

"நாளை வெட்டப்போகும் கைகள், அரசே. அதுவரை பத்திரமாக வைத்திருக்கிறேன். முள்ளை எடுத்தால் வலிக்கும். ஒரு கைக்கு இரண்டு குற்றம் சேர்ந்தால் வெட்டுகிறவருக்குக் கணக்குக் குழம்பும்."

"அப்படியானால் யார்தான் எடுப்பது?"

"தாங்களே எடுக்கலாம். தங்கள் கையை வெட்ட இந்த நாட்டில் யாருக்குத் துணிவு உண்டு?"

அரசர் ஊசியை வாங்கிக் குதிகாலில் வைத்தார். முள்ளைத் தொட்டதுமே அலறிக்கொண்டு ஊசியைக் கீழே போட்டுவிட்டார். சபாபதியின் மேலாடையைப் பார்த்தார், இவளுடைய கட்டைப் பார்த்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். "சட்டம் ஒழிந்தது. கட்டை அவிழ்" என்றார்.

அங்கயற்கண்ணி கட்டை அவிழ்த்துவிட்டு, அரசரின் காலைத் தன் மடிமீது வைத்துக்கொண்டாள். "பத்து எண்ணும்வரை வலிக்கும், அரசே. ரத்தம் வரும். இரண்டு நாள் வீக்கம் இருக்கும். வேறு ஏதாவது பூசியிருக்கிறீர்களா?"

"இல்லை. இதையெல்லாம் இதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லையே."

ஊசி ஒருமுறை வழுக்கியது. "கை தவறிவிட்டது. என் பிழை" என்றாள்.

முள் வெளியே வந்தபிறகு அரசர் யோசித்தார். "நீ தவறியபோது எனக்குக் கோபமே வரவில்லை. ஏன்?"

அவள் ஊசியைத் துடைத்து வைத்தாள். 'இதே நாக்குதான். அன்றைக்கு மருதனிடம் என் பிழை என்ற இரண்டு சொல் இதற்கு வரவில்லை.' கை வெட்டுக்குத் தப்பிவிட்டது. ஆனால் நெஞ்சு அப்படியே கனத்துக் கிடந்தது.

அரசர் முத்துமாலையைக் கழற்றி அவள் முன் வைத்தார். "மருதன் வழக்கையும் முடித்துவிடுவோம். காய்ச்சல் முற்றிப் பூவாயி இறந்தாள் என்று ஓலையில் எழுதிக் கொடு. அவனுக்கு ஒரு வேட்டி கொடுத்து அனுப்பிவிடுகிறேன்."

எழுத்தாணி அவள் முன் நீண்டது. சபாபதிகூடத் தலையாட்டினார். நாளை தன் வழக்குக்கும் இதே ஓலை உதவும் என்று நினைத்திருப்பார்.

அவள் கையை நீட்டவில்லை.

"அவளுக்குக் காய்ச்சல் இல்லை, அரசே" என்றாள் மெதுவாக. "நான் கேட்காமல் விட்டேன். அதை எழுதச் சொன்னால் எழுதுகிறேன். இதை எழுத மாட்டேன்."