வாய் திறக்காம மலையேறின வெள்ளத்தாயி

ஒரு ஊர்ல ஒரு வெள்ளத்தாயி இருந்தா. வாய்னா வாய், அப்படி ஒரு வாய். கோழிகிட்ட பேசுவா, அடுப்புகிட்ட பேசுவா, யாரும் இல்லைன்னா சுக்குகிட்ட பேசுவா. சுக்குங்கிறது அவ நாய். சாயங்காலமானா தட்டை டங் டங்னு தட்டிக் கூப்பிட்டு, ஊர்க்கதை பூரா சொல்லிக்கிட்டேதான் அதுக்குச் சோறு வைப்பா. ம் சொல்லு, இல்லைன்னா நிறுத்திடுவேன்.

ம். அப்புறம் ஒருநாள் சுக்கு எதையோ தின்னுட்டு, வயிறு உப்பிப்போய் விழுந்து கிடந்துச்சு. வெள்ளத்தாயி அதைத் தூக்கி மடியில போட்டுக்கிட்டா. உச்சிமலைச் சாமியை நினைச்சா. அந்தச் சாமிக்கு ஒரு வழக்கம். எது இல்லாம உன்னால இருக்க முடியாதோ, அதை விட்டுட்டுத்தான் மலையேறணும். நடுவுல தவறினா வேண்டுதல் பலிக்காது. வெத்தலை போடுறவன் வெத்தலையை விடுவான். இவ எதை விடுவா? "சாமி, சுக்கு பிழைக்கட்டும். மலையேறக் கிளம்பினதுலேர்ந்து உச்சியில விளக்கு போடுற வரைக்கும் ஒரு வார்த்தை பேச மாட்டேன்"னுட்டா. ஊரே சிரிச்சுச்சு.

சுக்கு பிழைச்சுக்கிச்சு. அப்போ ஏறித்தானே ஆகணும்? தட்டுல அகல், திரி, எண்ணெய் எல்லாம் வச்சுக்கிட்டு, வாயை இறுக்க மூடிக்கிட்டுக் காலையிலயே கிளம்பினா. சுக்கும் பின்னாடியே வந்துச்சு. அவ மூஞ்சியைப் பார்த்து "வள்"னுச்சு. பதிலே இல்லை.

அடிவாரத்துல ஒரு பழக்கடை. சுக்கு லபக்குனு ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கவ்விக்கிட்டு வந்து அவ காலடியில போட்டுச்சு. "நல்லா பழக்கி வச்சிருக்கியே தாயி. நாயை அனுப்பிட்டு நீ இங்க நிப்பியா?"ன்னா கடைக்காரி. பதில் வெள்ளத்தாயியோட நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. முந்தானையைச் சுருட்டி வாயில திணிச்சுக்கிட்டு, பழத்தைத் திருப்பி வச்சுட்டு விறுவிறுன்னு ஏறினா.

அப்புறம் பாதி மலையில ஒரு பெரியவர் பாறைமேல கொர் கொர்னு தூங்கிட்டு இருந்தாரு. சுக்கு அவரு துண்டை உருவிக்கிட்டு சர்ருனு ஒரே ஓட்டம். முழிச்சுட்டுத் திட்டுறாரு. இவ துண்டைப் பிடுங்கிக் குடுத்துட்டு, கையை ஆட்டுறா, தலையை ஆட்டுறா. "அடப்பாவமே, காது கேக்காது போல"ன்னு, அவ காதுலயே வாயை வச்சு, நாய் வளக்குறது எப்படின்னு கத்திக் கத்திச் சொல்லிக் குடுத்தாரு. அவருக்கு மூச்சு வாங்குற வரைக்கும் இவ கேட்டுக்கிட்டே நின்னா. எனக்கெல்லாம் அந்தப் பொறுமை வராதும்மா.

ம் சத்தம் காணோமே. ஆங், கேக்குது.

அப்போ, உச்சிக்குக் கொஞ்சம் கீழ மேகம் இறங்கிடுச்சு. நீட்டின கை தெரியலை. சுக்கைக் காணோம். ஒரு பக்கம் பள்ளம். எங்கயோ கல்லு கடகடன்னு உருளுது. பேரைச் சொன்னா ஓடி வந்துடும். ஆனா அதோட உயிருக்குத்தானே வேண்டிக்கிட்டது? கூப்பிட்டாலும் போச்சு, கூப்பிடாட்டியும் போச்சு. கண்ணுல தண்ணி பொலபொலன்னு கொட்டுது. அப்போதான் கையில இருந்த தட்டைப் பார்த்தா. அகலையும் எண்ணெயையும் கீழ வச்சுட்டு, ஒரு கல்லை எடுத்துத் தட்டினா. டங் டங் டங். தடதடன்னு ஓடி வந்த சுக்கு தட்டுல சோத்தைத் தேடுச்சு. அதைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு அழுதா. அப்பவும் பேசலை.

உச்சிக்குப் போய் விளக்கை ஏத்தினா. அவ்வளவுதான், மடை திறந்த மாதிரி ஆரம்பிச்சுட்டா. "திருட்டுக் கழுதை, பழம் கேக்குதோ உனக்கு? துண்டு கேக்குதோ?" திட்டுறா, திட்டுறா, அப்படித் திட்டுறா. சுக்கு என்ன பண்ணுச்சு தெரியுமா? வாலை ஆட்டிக்கிட்டு வந்து அவ மடியில தலையை வச்சுப் படுத்துக்கிச்சு. காலைலேர்ந்து இவ பேசவே இல்லையே, நம்மமேல கோபமோன்னு அது பயந்துபோய்க் கிடந்திருக்கு. பழத்தைத் திருடினது, துண்டை உருவினது, மேகத்துக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டது எல்லாமே ஒரு திட்டாவது வாங்கிடலாம்னுதான்.

வெள்ளத்தாயிக்கு அது இப்பத்தான் புரிஞ்சுது. "உன்மேல எனக்கு என்னடா கோபம்"னு தடவிக் குடுத்தா. அப்புறம் பாக்கி வச்சிருந்த ஊர்க்கதை பூரா பொழுது சாயுற வரைக்கும் சொன்னா. சாமிதான் பாவம். எழுந்து போகவும் முடியாது.

கதை உச்சிக்கு வந்தாச்சு. சுக்கும் தூங்கிடுச்சு, சாமியும் தூங்கிட்டாரு. இனிமே உன் முறை. வாயை மூடு, கண்ணை மூடு, தூங்கு.