தலைவர் ஸ்டேச்சு ஆன கதை

மேலக்கரை ஊராட்சித் தலைவர் தனுஷ்கோடிக்கு, பிள்ளைகள் விளையாடும் மைதானத்தின் நடுவில் தமக்கொரு சிலை வைக்க ஆசை வந்தது. சுற்றிலும் கம்பிவேலி போடவும் ஆளோடு வந்துவிட்டார். எதிர்த்துப் பேச ஊரில் ஒருவருக்கும் துணிச்சல் இல்லை.

அங்கே சுண்டல் விற்கும் முத்துப்பேச்சி மட்டும் எழுந்து வந்தாள்.

"தலைவரே, சிலைக்கு இங்கிலீஷ்ல ஸ்டேச்சுதானே?"

"ஆமா, அதுக்கென்ன?"

"எங்க பிள்ளைக அதை வச்சுத்தான் விளையாடுதுக. ‘ஸ்டேச்சு’ன்னு சொன்னா அப்படியே நிக்கணும். ‘ரிலீஸ்’ சொல்ற வரைக்கும் அசைஞ்சா அவுட்டு. நீங்க நின்னு ஜெயிச்சா சிலைக்கு முதல் மாலை நான் போடுறேன். தோத்தா மைதானம் பிள்ளைகளுக்கு. சரியா?"

"இவ்வளவுதானா!" என்று சிரித்த தலைவர், ஒரு கையை வானுக்குத் தூக்கிக் கம்பீரமாக நின்றார்.

"ஸ்டேச்சு!" என்றாள் முத்துப்பேச்சி.

வெயில் ஏறியது. வேடிக்கை பார்க்க ஊரே கூடிவிட்டது. மூக்கில் ஈ உட்கார்ந்தது. தலைவர் அசையவே இல்லை. பிள்ளைகளின் முகம் வாடிப்போனது. அப்போது முத்துப்பேச்சி கூட்டத்தைப் பார்த்து உரக்கச் சொன்னாள்:

"பெரியோர்களே! இப்போது நம் தலைவர் நாலு வார்த்தை பேசுவார்!"

தலைவர் சட்டென்று துண்டைச் சரிசெய்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அன்பார்ந்த பொதுமக்களே..."

"அவுட்டு!" என்று மைதானமே அதிர்ந்தது.

தலைவர் முறைத்துப் பார்த்தார். ஊரே சிரித்தது. கடைசியில் அவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. வேலி போட வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்.

"அவுட்டானவங்க கோட்டுக்கு வெளியே போகணும்" என்றாள் ஒரு சிறுமி.

தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்தார்.

"அடுத்த ஆட்டத்துல என்னையும் சேர்த்துக்கோங்க!"